இன்வேஷன்: மூன்று சீசன் பார்த்தவனின் புலம்பல்

ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் 2021 அக்டோபரில், வேற்றுக்கிரகவாசிகள் பூமிமேல் படையெடுக்கும் 'இன்வேஷன்' தொடர் வந்தபோதே பார்க்கத் தொடங்கிவிட்டேன். 2023இல் இரண்டாவது சீசன், 2025இல் மூன்றாவது என்று வரவர எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஆகவே, ஒரு எபிசோடோடு பொறுமை இழந்து திட்டுகிற கேஸ் இல்லை இது. கதையின் முக்கிய திருப்பங்களைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் இஷ்டம்.

முதல் சீசனுக்கு ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவு என்று அப்போது செய்திகளில் அடிபட்டது. காசு கண்ணுக்குத் தெரிகிறது, அதை மறுக்க முடியாது. ஓக்லஹோமா வயல்வெளி, டோக்கியோவின் விண்வெளி மையம், ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவ வீரர்கள், இங்கிலாந்தில் பள்ளிக்கூடப் பையன்கள், நியூயார்க் பக்கம் சிரியாவிலிருந்து வந்த குடும்பம். ஜப்பானியர்கள் ஜப்பானிய மொழியிலேயே பேசுகிறார்கள். இசை மேக்ஸ் ரிக்டர். இத்தனையும் இருந்தும் வேற்றுக்கிரகவாசியை ஒழுங்காகக் கண்ணில் காட்டுவதற்கு முதல் சீசனில் பாதி தாண்டிவிடுகிறது.

மெதுவாகப் போவது எனக்குப் பிரச்சினையே இல்லை. நகர்வதும் இழுப்பதும் வேறு வேறு. இங்கே நடப்பது இழுப்பு. டோக்கியோ விண்வெளி மையத்தில் வேலை பார்க்கும் மிட்சுகி ஒரு சிக்னலைப் பிடிப்பாள், அது என்னவென்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது ஆப்கானிஸ்தானுக்குப் போய்விடுவார்கள். அங்கே சூடு பிடித்தால் இங்கிலாந்து. நம்ம ஊர் சீரியலில் உண்மையைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் போன் அடிக்குமே, அதே டெக்னிக்தான். அவர்கள் போனுக்குப் பதிலாகக் கண்டத்தையே மாற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நடிகர் சாம் நீல் விஷயத்தை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. ஓக்லஹோமாவில் ஓய்வுபெறப் போகும் ஷெரிஃப் (ஊர் போலீஸ் தலைவர்) வேடம் அவருக்கு, கடைசி வேலை நாள், வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே என்ற ஏக்கம். அந்த மனிதர் வயலுக்குள் இறங்கும்போது, சரி, இவர் கண்வழியாகத்தான் கதை போகப்போகிறது என்று நம்பினேன். முதல் எபிசோடிலேயே ஆளைக் காலி செய்துவிட்டார்கள். அதிர்ச்சி கொடுப்பதற்காகச் செய்தார்கள் என்றால், அந்த இழப்பை உணர்கிற ஒருவராவது தொடர்ந்து கதையில் இருக்க வேண்டாமா? நல்ல நடிகரைத் தூண்டில் புழுவாக மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

உருப்படியாக இருந்தது, அந்தச் சிரியாக் குடும்பத்து அனீஷாவின் பகுதி. கோல்ஷிஃப்தே ஃபராஹானி நடித்திருக்கிறார். மருத்துவம் படித்துவிட்டு வீட்டோடு இருக்கும் பெண், கணவனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு என்று தெரிந்த அதே நாளில் உலகம் இடிந்து விழுகிறது. பள்ளியில் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது, இவள் மகன் லூக் மட்டும் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆறாவது எபிசோடில் வேற்றுக்கிரக ஜந்து ஒன்று, இவர்கள் ஒதுங்கியிருக்கும் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது. இருட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நகரும் பிள்ளைகள், நம்பத் தகாத கணவனையே நம்பவேண்டிய நிலைமை. இதற்கு 20 கோடி டாலர் தேவையே இல்லை. ஒரு வீடும் நாலு நல்ல நடிகர்களும் போதும். அந்த ஒரு எபிசோடு கொடுத்த நம்பிக்கையில்தான் மிச்சத்தையும் பார்த்துத் தொலைத்தேன்.

மற்றதெல்லாம் ஏற்கெனவே பார்த்ததுதான். இங்கிலாந்துப் பள்ளிப் பையன்களில் ஒருவனான, வலிப்பு வரும் காஸ்பருக்கு அந்த ஜந்துக்களோடு மனத் தொடர்பு ஏற்படுகிறது என்பது நல்ல கற்பனை. ஆனால் அதை வைத்து, அவை என்ன நினைக்கின்றன, ஏன் வந்தன என்று யோசிக்காமல், பையனை இன்னொரு 'தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை'யாக்கி ஆயுதமாகப் பயன்படுத்துகிறார்கள். தாய்க்கப்பலை அடித்தால் தரையில் இருப்பவை சுருண்டு விழும் என்ற பழைய ஃபார்முலாவும் உண்டு. முடிந்தது என்று நினைத்தால் வானத்தில் அடுத்த கப்பல்.

இரண்டாவது சீசனில் வேகம் கூடியது, ஜந்துக்களும் தாராளமாக வந்தன. அமேசான் காட்டில் விழுந்து கிடக்கும் கப்பலுக்குள் மிட்சுகி தனியாகப் போகும் காட்சிகள் பரவாயில்லை. ஆனால் கேள்விகளுக்குப் பதில் வரவில்லை, கேள்விகள்தான் கூடின. முக்கியப் பாத்திரங்களை எல்லாம் ஒரே அணியாக்கித் தாய்க்கப்பலுக்குள் அனுப்புவதற்கு மூன்றாவது சீசன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை முதல் சீசனின் நடுவிலேயே செய்திருந்தால் எனக்குப் புலம்ப விஷயமே இருந்திருக்காது. அதற்குள் பாத்திரங்கள் மேல் இருந்த அக்கறை எனக்கு வற்றிப்போயிருந்தது. ஒருவர் சாகும்போது, இவர் யார், எந்த நாட்டுக் கதையில் வந்தவர் என்று யோசிக்க வேண்டியிருந்தது.

பார்த்தே தீருவேன் என்கிறவர்களுக்கு: முதல் சீசனில் அனீஷா வரும் காட்சிகளை மட்டும் பாருங்கள், மிச்சத்தை ஓட்டிவிடுங்கள். ஆறாவது எபிசோடை முழுசாகப் பார்க்கலாம், விளக்கை அணைத்துவிட்டு. இரண்டாவதுக்குப் போகவேண்டிய அவசரம் எதுவும் இல்லை.