ஏழு வருடமாக ஓடும் கியர்பாக்ஸும் ஒரு சுண்டைக்காய் மூடியும்

தாராபுரத்து மச்சான் புதிதாக மரச்செக்கு போடப்போகிறார். "நீங்க வாங்கின கியர்பாக்ஸையே நானும் வாங்கிரட்டுங்களா?" என்று போன வாரம் போனில் கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. கையெல்லாம் கியர் ஆயிலோடு நான் செக்குக்கு அடியில் படுத்திருந்தேன். ஷாஃப்டைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் பிடிக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது ஆயில் சீலை, மூன்றாவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தோம்.

நம்முடையது கடலை ஆட்டும் செக்கு, வாகை மர உரல். 5 ஹெச்.பி. மோட்டாரின் 1,440 சுற்று பெல்ட்டில் பாதியாகி 720 ஆகும். அதை 60க்கு 1 வார்ம் கியர்பாக்ஸ் 12 சுற்றாக்கித் தரும். வார்ம் என்பது திருகு மாதிரியான எஃகுத் தண்டு, அது வெண்கலப் பல்சக்கரத்தைத் தள்ளிச் சுற்றும். கோவையில் செய்த பெட்டி. கம்பெனி பெயர் வேண்டாம். இப்போது ஏழாவது வருடம்.

பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கும்போது கடைக்காரர் ஒரு சைஸ் சின்னதே போதும் என்றார், விலையும் குறைவு. லேத் பட்டறை அண்ணன்தான் தடுத்தார். "ஓடுறப்போ வர்ற லோடைப் பார்க்காதீங்க தம்பி. கரண்ட் போயிட்டுத் திரும்ப வர்றப்போ வர்ற லோடைப் பாருங்க" என்றார். பாதி ஆட்டிய கடலை உரலில் இறுகிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பெல்ட் அலறும், மோட்டார் முக்கும். அந்த அடி மொத்தமும் கியர் பல்லில்தான் இறங்கும். இந்த ஏழு வருடத்தில் அப்படி எத்தனை முறை ஆகியிருக்கும் என்று எண்ணவில்லை. போன வருடம் மூடியைத் திறந்து, ஃபிட்டர் வார்மில் நீல மை தடவிக் கையால் சுற்றிப் பார்த்தார். வெண்கல வீலின் பல்லில் அச்சு நன்றாக அகலமாக, வார்ம் வெளியேறும் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி விழுந்தது. அப்படித்தான் விழ வேண்டுமாம். எதுவும் பேசாமல் மூடியைப் போட்டுவிட்டார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அந்த ஒழுக்கு! பெல்ட் புல்லி இருக்கும் பக்கத்தில், வார்ம் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக. பழைய பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டு செய்து அடியில் வைத்திருந்தேன். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் செக்கு சுற்றுவதைப் பார்க்க உள்ளே வருவார்கள். ஒரு அம்மா அந்தக் கறுப்புத் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எந்த எண்ணெய்ங்க?" என்று கேட்டார். கியர் ஆயில், செக்கு எண்ணெயோடு சேரவே சேராது என்று கால் மணி நேரம் விளக்கினேன். அன்றைக்கு அவர் அரை லிட்டர்தான் வாங்கினார்.

ஒவ்வொரு முறையும் சீலை மாற்றுவோம், நாலைந்து மாதம் நிற்கும், மறுபடி சொட்டும். சீல் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டினேன். ஷாஃப்டில் விரலை ஓட்டினால், சீலின் உதடு உட்காரும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இந்த முறை ஃபிட்டர் புது சீலை மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, தேயாத இடத்தில் உட்காரவைத்தார். அப்புறம்தான் கேட்டார்: "பிரீதர் எங்கே தம்பி?"

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கியர்பாக்ஸ் தலையில் சுண்டைக்காய் அளவு மூடி, அதில் ஊசி ஓட்டை. பெட்டி சூடாகும்போது உள்ளே விரிகிற காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வார்ம் கியருக்குச் சூடு கூடப் பிறந்தது. எஃகு வார்ம் வெண்கல வீலின்மேல் வழுக்கி வழுக்கித்தான் தள்ளும், இந்த விகிதத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சக்தி சூடாகவே போய்விடும். மதியத்துக்குமேல் பெட்டியில் கை வைக்க முடியாது. பிரீதர் அடைத்தால் காற்றுக்கு வேறு வழியில்லை, சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வரும். எங்கள் பிரீதர் பிண்ணாக்குத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து களிமண்ணாகியிருந்தது. அதன்மேல் போன பொங்கலுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் வேறு. பெயின்ட் அடித்தது நானேதான்.

சரி, பாதித் தப்பு என்னுடையது. ஆனால் பிரீதரை, பெல்ட்டை மூடியிருக்கும் கார்டுக்கு அடியில், நான்கு போல்ட் கழற்றினால்தான் தெரிகிற இடத்தில் வைத்தவரை என்ன சொல்வது? செக்குக் கொட்டகையில் தூசி பறக்கும் என்று செக்குக்காகவே பெட்டி விற்கிறவருக்குத் தெரியாதா?

ஆயிலைப் பற்றி மச்சானுக்கு ஒன்று சொன்னேன். லாரி டிஃபரென்ஷியலுக்கு ஊற்றும் 90 நம்பர் ஆயிலைக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், வாங்கக்கூடாது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலத்தைத் தின்னும். வார்ம் கியருக்கென்று விற்கும் 460 நம்பர் கெட்டி ஆயில்தான் நான் ஊற்றுகிறேன். புதுப் பெட்டியில் முதல் 300 மணி நேரம் ஓட்டி வடித்தபோது தங்கப்பொடி தூவியது மாதிரி மின்னியது. வீல் போச்சு என்று பயந்துவிட்டேன். பல் பழகும்போது உதிர்வதுதான். அடுத்த முறை மின்னவில்லை.

கடைசியில் மச்சானிடம், "அதை வாங்காதீங்க, வேற பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

நேற்று நம் இரண்டாவது செக்குக்கு அதே கம்பெனியில் அதே பெட்டிக்கு முன்பணம் கட்டினேன். பிரீதரை அரை அடிக் குழாய் வைத்துக் கார்டுக்கு வெளியே நீட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.