புகுமுக வகுப்பா, நேரடி முதலாம் படிவமா?

கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்திற்கு நேரடியாகச் சென்றால், ஆங்கில வகுப்பு இலக்கணப் பயிற்சியோடு நின்றுவிடாது. 2017 முதல் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலை ஒட்டி நடக்கும் பாடத்திட்டத்தில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகியவற்றுடன் கவிதையும் சிறுகதையும் சேர்ந்துகொள்வதால், ஒரு கவிதை வரி ஏன் பிடித்தது என்று எழுந்து நின்று நான்கு வாக்கியமாவது சொல்ல வேண்டியிருக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பியே பழகிய பிள்ளை (நானும் அப்படித்தான் போனேன்) முதல் மாதம் திணறும்.

முதலாம் படிவத்திற்கு முன் வரும் புகுமுக வகுப்போ மலாய்மொழியை வலுப்படுத்துவதற்கான ஓராண்டு. அங்கும் ஆங்கிலம் உண்டு, ஆனால் முதலிடம் மலாய்க்கே. மலாயில் தடுமாறும் பிள்ளைக்கு அது தகும். ஆங்கிலத்திற்கு அஞ்சி மட்டும் அதை நாடி, இடைநிலைக் கல்வியை ஓராண்டு நீட்டிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.