மெல்லிய சுவர் ரேடியல் ஷீத்: சின்ன மணிக்கட்டுக்கு ஏற்றதா?

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கமிருந்து தஞ்சாவூருக்கு ஆஞ்சியோவுக்கு வரும் பெண்களில் பலர் நடவும் களையெடுப்புமாக உழைத்தவர்கள். ஒல்லி உடம்பு, சின்ன மணிக்கட்டு, பலருக்குக் கூடவே சர்க்கரை. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஓடும் ரேடியல் தமனி, ஆஞ்சியோவின்போது இறுகிக்கொள்வதற்கான காரணங்கள் அந்த ஒரே கையில் சேர்ந்துவிடுகின்றன. ஷீத் என்பது கதீட்டர் (இதயம் வரை போகும் நீளக் குழல்) நுழைய தமனியில் வைக்கும் சிறு குழல்; பிரெஞ்ச் என்பது அதன் அளவுக்கான அலகு. 6 பிரெஞ்ச் மெல்லிய சுவர் ஷீத்தை அந்தக் கையை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது டெருமோ நிறுவனத்தின் கிளைட்ஷீத் ஸ்லெண்டர். உள்ளே 6 பிரெஞ்ச் கதீட்டர் தாராளமாகப் போகும், வெளிவிட்டம் 2.46 மி.மீ. வழக்கமான 6 பிரெஞ்ச் ஷீத் 2.6 மி.மீ.யைத் தாண்டும். கேட்பதற்கு அற்ப வித்தியாசம்தான். ஆனால் தமனியின் உள்விட்டமே பொதுவாக 2 முதல் 3 மி.மீ.; அதன் சுவர் முழுக்கத் தசை, அட்ரினலினுக்குச் சட்டென்று சுருங்கும் தசை. ஷீத் உரசினால் வலி, வலித்தால் பயம், பயந்தால் அட்ரினலின், அதனால் இன்னும் இறுக்கம்.

வழுக்குப் பூச்சுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. 2010இல் வெளியான, 790 பேரைக் கொண்ட ஆய்வில் பூச்சுள்ள ஷீத்தால் இறுக்கம் தெளிவாகக் குறைந்தது. ஷீத்தின் நீளத்தால் எந்த மாற்றமும் இல்லை. இறுக்கத்துக்குப் பயந்து நீள ஷீத் தேட வேண்டியதில்லை. பூச்சு வேலை செய்வது ஈரத்தில்தான். செலுத்துவதற்கு முன் சலைனில் முழுதாக நனைக்க வேண்டும். காய்ந்த காஸ் துணியால் துடைத்தால், வழுக்க வேண்டியதே ஒட்டிப் பிடிக்கும்.

குறை என்றால், சுவர் மெலிந்த ஷீத் எளிதில் மடங்கும். டைலேட்டரை (ஷீத்துக்குள் இருந்து வழி விரிக்கும் கூர்முனைக் குழல்) பாதியில் உருவிவிட்டு ஷீத்தை மட்டும் தள்ளுவது, தோலருகே கோணலாகப் பிடிப்பது, கதீட்டர் இல்லாதபோது மணிக்கட்டை வளையவிடுவது, இவைதான் வழக்கமான காரணங்கள். திரையில் ரத்த அழுத்த அலை திடீரெனத் தட்டையானால் முதலில் மடிப்பைத் தேடுங்கள்.

ஷீத் நல்லது என்பதற்காகத் தமனியைத் தளர்த்தும் மருந்தை விட்டுவிடக் கூடாது. 100 முதல் 200 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரினோ, 2.5 மி.கி. வெரபமிலோ ஷீத் வழியாகப் போக வேண்டும். வெரபமில் தமனிக்குள் எரியும். எரிச்சலே இறுக்கத்தைக் கிளப்பும். அதனால் நோயாளியின் ரத்தத்தையே சிரிஞ்சில் இழுத்து 10 முதல் 20 மி.லி. ஆகக் கலந்து மெதுவாகச் செலுத்த வேண்டும். ரத்த அழுத்தமோ நாடித்துடிப்போ குறைவாக இருந்தாலும், இதயத்தின் பம்பிங் பலவீனமாக இருந்தாலும் வெரபமில் வேண்டாம். ஹெப்பாரின், ரத்தம் உறைந்து தமனி அடைக்காமல் காப்பதற்கு. இறுக்கத்துக்கு அது மருந்தல்ல.

அதற்கும் முந்தியது முதல் குத்து. தோலடியில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் 1 அல்லது 2 மி.லி. போதும், அதிகம் போட்டால் தோல் உப்பி நாடி விரலுக்குச் சிக்காது. தேடித் தேடிக் குத்துவதைவிடப் பெரிய எதிரி இந்த வேலையில் இல்லை. கிராமத்திலிருந்து பயந்து வரும் அம்மாவுக்கு பதற்றம் தணிக்கும் மிடாசோலம் 1 மி.கி.யும், கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) ஏசி குளிரில் கையைச் சுற்ற ஒரு துணியும் கொடுங்கள். ‘வலிச்சா உடனே சொல்லுங்கம்மா’ என்று சொல்லி வையுங்கள். பலர் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார்கள். இறுக்கத்தின் முதல் எச்சரிக்கையே அந்த வலிதான்.

கதீட்டர் சிக்கிவிட்டால் இழுக்கவே கூடாது. பலவந்தமாக இழுத்தால் தமனியே உரிந்து வரலாம். மீண்டும் நைட்ரோகிளிசரின், கூடுதல் மயக்க மருந்து, முன்கைக்கு இளஞ்சூட்டு ஒத்தடம், பிறகு காத்திருப்பு. அப்படியும் விடவில்லை என்றால் மயக்க மருத்துவரை அழைத்து ஆழ்ந்த மயக்கமோ, கை நரம்பை மரக்கவைக்கும் நரம்பு பிளாக்கோ தர வேண்டும்.

பரிசோதனை ஆஞ்சியோ மட்டும் என்றால் மெல்லிய சுவர் ஷீத் வேண்டாம். 5 பிரெஞ்ச் பூச்சு ஷீத்தும், இதயத்தின் இரண்டு பக்க ரத்தக் குழாய்களையும் பார்க்கும் ஒரே கதீட்டரும் போதும். கதீட்டர் மாற்றம் குறைந்தால் உரசலும் குறையும். தடித்த கைக்குச் சாதாரண 6 பிரெஞ்ச் பூச்சு ஷீத்தே நிறைவு. சின்ன மணிக்கட்டில் ஸ்டென்ட் வைக்க வேண்டியிருந்தால் தயங்காமல் மெல்லிய சுவர் ஷீத்தை எடுக்கலாம்.

வேலை முடிந்து மணிக்கட்டில் காற்றுப்பட்டை கட்டும்போது, ரத்தம் கசியாத அளவுக்கு மட்டும் காற்று வையுங்கள். மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமுள்ள அல்நார் தமனியை அழுத்திக்கொண்டு கட்டைவிரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் அலை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ரேடியல் தமனி முழுதாக அடைபட்டிருக்கிறது. அலை திரும்பும் வரை காற்றை 1 மி.லி. வீதம் இறக்குங்கள். அரிவாள் பிடிக்கும் கை அது.