காய்ச்சல் கண்ட குழந்தை எப்போது பள்ளிக்குத் திரும்பலாம்? வேளச்சேரியில் நான் பார்த்த மூன்று விதிகள்

தமிழகத்தில் மழலையர் பள்ளிகளும் பிளே ஸ்கூல்களும் 2022 பிப்ரவரி 16 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. 2020 மார்ச்சில் மூடிய கதவுகள் அவை. என் மகள் பிறந்தது அதற்குச் சில மாதங்கள் முன்னால். மூன்று வயதை நெருங்கும் வரை அவள் வேறு குழந்தைகளோடு ஓர் அறையில் உட்கார்ந்து விளையாடியதே இல்லை.

வேளச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மூன்று இடங்கள் இருந்தன. மூன்றிலும் போய்க் கட்டணம், கழிப்பறை, ஆயாக்கள் எத்தனை பேர் என்றெல்லாம் விசாரித்தேன். கிளம்பும் முன் ஒரே கேள்வியை மூன்று இடத்திலும் கேட்டேன்: "குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?"

முதல் இடத்தில், கொரோனா பரிசோதனையில் தொற்று இல்லை என்ற முடிவு வரும் வரை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் மருத்துவரின் சான்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில், மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் போதும் என்றார்கள். என் மகளை முதல் இடத்தில் சேர்த்து, ஆறு மாதம் கழித்து மூன்றாவதற்கு மாற்றினோம். இரண்டாவதில் என் நாத்தனார் மகன் படித்தான். ஆகவே மூன்று விதிகளும் நடைமுறையில் எப்படி ஓடின என்று பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டேன்.

பரிசோதனை விதி கொடுமையானது என்று இன்று சொல்வது எளிது. அன்றைய அச்சத்தில் நியாயம் இருந்தது. ஜனவரியின் மூன்றாவது அலை அப்போதுதான் வடிந்திருந்தது. 12 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கே மார்ச் 16 அன்றுதான் தடுப்பூசி தொடங்கியது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. வீட்டில் சர்க்கரை நோயுள்ள மாமியார் இருந்தார். பிள்ளையின் மூக்கிலிருந்து என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள நானும்தான் விரும்பினேன்.

ஆனால் மழலையர் வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. புதிதாகக் கூட்டத்தில் சேரும் முதல் ஆண்டில் அது இன்னும் கூடும். ஒவ்வொரு முறையும் மூன்று வயதுப் பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து மூக்கில் குச்சி விட முடியுமா? இரண்டாவது முறையே என் மகள் வெள்ளை அங்கி அணிந்த எவரைப் பார்த்தாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறத் தொடங்கினாள். தொற்று உறுதியான குழந்தைக்கோ வேறொரு சிக்கல். ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை, நோய் போன பின்னும் வைரஸின் மிச்சத்தை வாரக்கணக்கில் காட்டக்கூடியது. மத்திய அரசின் 2022 ஜனவரி வழிகாட்டுதலே, வீட்டுத் தனிமையில் ஏழு நாட்கள் கழிந்து, கடைசி மூன்று நாட்கள் காய்ச்சல் இல்லையென்றால் மறு பரிசோதனை தேவையில்லை என்றது. அந்தப் பள்ளி மட்டும் மறு பரிசோதனை கேட்டது. இன்னொன்று: கொரோனா இல்லை என்பதால் தொற்றே இல்லை என்று ஆகிவிடாது. இன்ஃப்ளூயன்ஸா, கை கால் வாய் நோய் எல்லாம் அந்தத் தாளைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது ஒரு காலை நேரம். வாசலில் நின்ற இன்னொரு தாய் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "காய்ச்சல் என்று சொல்லிவிடாதீர்கள். ஊருக்குப் போயிருந்தோம் என்று சொல்லுங்கள்." அவர் கெட்டவர் அல்ல. அலுவலகத்தில் விடுப்பு தீர்ந்துபோன ஒரு பெண். உண்மையைச் சொன்னால் ஒரு வாரம் இழக்க வேண்டும், மறைத்தால் எதுவும் இழக்க வேண்டாம் என்று ஒரு விதி இருந்தால் மக்கள் மறைப்பார்கள். நானும் மறைத்தேன். ஒரு நாள் காலை ஏழரை மணிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்து எட்டரைக்கு மகளை வாசலில் விட்டேன். நெற்றி குளிர்ந்திருந்தது. பன்னிரண்டரைக்குத் தொலைபேசி வந்தது. போய்த் தூக்கியபோது உடம்பு கணகணவென்று கொதித்தது. பாராசிட்டமால் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். அது எனக்குத் தெரியாததும் அல்ல. அவளோடு ஒரே பாயில் எட்டுக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த எட்டு முகங்களும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி மூன்று இடத்திலும் இருந்தது. வெயிலில் இரு சக்கர வண்டியில் வந்த பிள்ளைக்கு அதிகம் காட்டும், ஏசி காரில் வந்த பிள்ளைக்குக் குறைவாகக் காட்டும். அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே பரவக்கூடிய நோயை அது எப்படிப் பிடிக்கும்? அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மருத்துவர் சான்று என்ற இரண்டாவது விதி கேட்பதற்குப் பொறுப்பானதாகத் தெரியும். நடைமுறையில், தேறிவிட்ட பிள்ளையைச் சான்றுக்காகவே மாலையில் கிளினிக்குக்குத் தூக்கிப் போய், இருமும் பிள்ளைகள் நடுவே ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பது. உள்ளே போனால் இரண்டு நிமிடத்தில் தாள் கையில். என் நாத்தனார் ஓர் ஆண்டில் இப்படி ஐந்து தாள்கள் வாங்கினார். நான்கு வீண்.

ஐந்தாவது வீணல்ல. அதை மறைத்துவிட்டு இந்த ஒப்பீட்டை எழுத எனக்கு மனம் வரவில்லை. 2022 அக்டோபர், மழை தொடங்கியிருந்தது. பையனுக்கு நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் விட்டுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சான்று வாங்கப் போன இடத்தில் மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், எத்தனை முறை சிறுநீர் போனான் என்று கேட்டார், இரத்தப் பரிசோதனை எழுதினார். டெங்கு. அந்த நோயில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் இரத்தம், சோர்ந்து துவளுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாளே பள்ளிக்கு அனுப்பியிருந்தால் அந்தத் துவளலை யார் கவனித்திருப்பார்கள்?

ஆகவே, எனக்கு மிகவும் பிடித்த மூன்றாவது விதிக்கு வருவதற்கு முன்பே அதன் குறையைச் சொல்லிவிட்டேன். 24 மணி நேரக் கணக்கு குளிர் நாடுகளின் சளிக்கும் ஃப்ளூவுக்கும் பொருந்துகிற அளவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சென்னைக்குப் பொருந்தாது.

மற்ற மாதங்களில் அதுவே சிறந்தது என்பேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவரும் விதிதான் அது. அந்தப் பள்ளியில் அதை உயிரோடு வைத்திருந்தது ஒரு கேள்வி. காலையில் வாசலில் நிற்கும் மிஸ் ஒவ்வொரு பெற்றோரிடமும் கேட்பார்: "கடைசியாக எத்தனை மணிக்கு மருந்து கொடுத்தீர்கள்? எந்த மருந்து?" பதிலை ஒரு நோட்டில் எழுதுவார். குரலில் அதட்டல் இருக்காது. முதல் முறை "நேற்று இரவு பத்து மணிக்கு" என்று நான் சொன்னபோது, "அப்படியென்றால் இன்று வீட்டில் இருக்கட்டும் அம்மா, நாளை பார்ப்போம்" என்றார். அபராதம் இல்லை, தாள் இல்லை. ஒரு நாள்தான் இழப்பு என்று தெரிந்ததால் உண்மையைச் சொல்ல எனக்குத் தயக்கம் வரவில்லை.

எந்த மருந்து என்ற கேள்வியும் தேவையானதுதான். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், 12 கிலோ பிள்ளைக்கு முதல் புட்டியில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. பாட்டி ஒரு புட்டியிலும் அம்மா இன்னொன்றிலும் ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஐபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் டெங்கு சந்தேகம் இருக்கும்போது கூடவே கூடாது. இரத்தக் கசிவை அவை மோசமாக்கும்.

அந்தப் பள்ளி மூக்கு ஒழுகலுக்காக யாரையும் திருப்பி அனுப்பவில்லை. பெற்றோர் சிலர் சண்டையிட்டார்கள். பள்ளி செய்தது சரி. மூக்கு ஒழுகாத மழலையர் வகுப்பு உலகில் இல்லை. வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் மட்டும் கடைசி முறையிலிருந்து 48 மணி நேரம் என்று கறாராக இருந்தார்கள். கை கால் வாய் நோய் வந்தபோது, காய்ச்சல் நின்று பிள்ளை சாப்பிடத் தொடங்கியதும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். அத்தனை நாளும் வீட்டில் பூட்டி வைக்க முடியாது. சானிடைசர் அதற்குச் சரியாக வேலை செய்யாது என்பதால் கழிப்பறை வாசலில் சோப்பை வைத்து ஆயாவே நின்று கை கழுவ வைத்தார்.

காய்ச்சல் வலிப்பைப் பற்றியும் கேளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு அது வருகிறது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம் என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்போம், வாயில் எதையும் வைக்க மாட்டோம், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைப்போம் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய பதில்.

மூன்றாவது விதிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்க எல்லோராலும் முடியாது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் பேரன் அங்கன்வாடிக்குப் போகிறான். அவன் ஒரு நாள் நின்றால் அவனுக்கு மதியச் சாப்பாடு போகிறது, அவர் மகளுக்கு அன்றைய கூலி போகிறது. மத்திய அரசில் பணியாற்றும் பெண்களுக்குப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாட்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் காப்பகம் காய்ச்சல் பிள்ளையை எடுத்துக்கொள்ளாது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தச் சட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர் காலையில் சிரப் ஊற்றி அனுப்பினால் அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

இன்று யாராவது என்னிடம் கேட்டால், ஜனவரி முதல் செப்டம்பர் வரை மூன்றாவது விதி, மழை மாதங்களில் மூன்று நாளைத் தாண்டிய எந்தக் காய்ச்சலுக்கும் இரண்டாவது விதி என்பேன். முதல் விதியை, ஓர் அலை உச்சத்தில் இருக்கும் சில வாரங்களுக்கு மட்டும் ஒப்புக்கொள்வேன். நாத்தனார் மகன் தேறிய பிறகு மிஸ்ஸிடம் இதைச் சொன்னேன். மறு வாரம் வாசல் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: "காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், விட்ட பிறகும் இரண்டு நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்." அந்த நாட்களின் சாப்பாட்டுக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா என்றும் கேட்டேன். நிர்வாகத்திடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.