தீர்மானப் புத்தகம்: அரூர்ப் பக்கம் மூன்று வாரங்கள்

பத்தொன்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வசிக்கும் நான், 2025 சனவரியில் பொங்கலை ஒட்டி மூன்று வாரங்கள் ஊரில் இருந்தேன். எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் மானாவாரிக் கிராமம். வழக்கமாக ஊருக்குப் போனால் உறவினர் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுவேன். இம்முறை அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால், அறுத்துப் போர் போட்டிருந்த இரண்டு ஏக்கர் கேழ்வரகை அடித்து விற்கும் வேலையும், அவருடைய மகளிர் குழுக் கணக்கும், ரேஷன் கடையும், ஆஸ்பத்திரியும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. அப்போதுதான் ஊரின் அன்றாடச் சேவைகளில் எத்தனை, ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் குழுக்களின் கைகளில் இருக்கின்றன என்பது எனக்கு விளங்கியது.

கதிரடிப்பிலிருந்து தொடங்குகிறேன். என் சிறுவயதில் கேழ்வரகுக் கதிர்களைத் தார்ச்சாலையில் பரப்பிவிட்டு, பேருந்தும் லாரியும் ஏறிப் போவதற்காக ஓரத்தில் காத்திருப்போம். மணியோடு கல்லும் மண்ணும் சேரும், வண்டியோட்டிகளுக்கும் ஆபத்து. இப்போது ஊரில் ஒரு கதிரடிக்கும் இயந்திரம் இருக்கிறது. தமிழக அரசு 2017-18ஆம் ஆண்டில் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தின்படி, சிறு குறு விவசாயிகள் இருபது பேர் சேர்ந்து ஓர் உழவர் ஆர்வலர் குழுவாகவும், அப்படிப்பட்ட ஐந்து குழுக்கள் சேர்ந்து நூறு பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவாகவும் அமைந்தால், பண்ணை இயந்திரங்கள் வாங்க ஐந்து லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கிடைத்தது. அந்த நிதியில் வாங்கிய இயந்திரம்தான் எங்கள் களத்துக்கு வந்தது.

இயந்திரத்தைவிட என்னைக் கவர்ந்தது, அதனோடு கூடவே வந்த நோட்டுப் புத்தகம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையால் கோடு போட்டு, தேதி, பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், டீசல், வாடகை, கையொப்பம் என்று பிரித்திருந்தார்கள். பாதிப் பெயர்களுக்கு எதிரே ஊதா மையில் கைரேகை. எங்கள் முறை முடிந்ததும் ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி பத்து நிமிடம் என்று எழுதினார். பக்கத்து வயல்காரர் எட்டிப் பார்த்து, நடுவில் பெல்ட் மாற்றிய கால் மணி நேரத்தைக் கழிக்கச் சொன்னார். மறுபேச்சில்லாமல் அடித்துத் திருத்தினார்கள். உறுப்பினருக்கு ஒரு வாடகை, வெளியாருக்கு அதைவிடக் கூடுதல். வரும் வாடகையில் டீசலும் பழுதுச் செலவும் போக மீதி குழுவின் கணக்குக்குப் போகிறது. அரசு கொடுத்த இயந்திரங்கள் மூன்றே ஆண்டுகளில் யாரோ ஒருவர் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடப்பதை நான் முன்பு பார்த்திருக்கிறேன். இந்த இயந்திரம் இன்னும் ஓடுவதற்கு அந்த நோட்டுதான் காரணம் என்று நம்புகிறேன்.

விற்பனை எளிதாகவே முடிந்தது. 2024-25 பருவத்துக்குக் கேழ்வரகின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். தருமபுரி மாவட்டத்தில் அரசே கொள்முதல் செய்து, 2023 மே மாதத்திலிருந்து இம்மாவட்டத்திலும் நீலகிரியிலும் குடும்ப அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறது. களியும் கூழும் தின்று வளர்ந்த மாவட்டத்தில், அந்தத் தானியத்தை அந்த மண்ணிலேயே வாங்கி அந்த மக்களுக்கே கொடுப்பது எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு! தனித்தனியாக நான்கு மூட்டை, ஐந்து மூட்டை என்று கொண்டுபோனால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும் என்பதால், எங்கள் தெருவில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினோம். யாருடைய மூட்டை என்று தெரிய ஒவ்வொருவரும் வெவ்வேறு நிறச் சணலால் வாயைக் கட்டினார்கள். எங்களுடையது பச்சை.

அடுத்து மகளிர் குழு. இதை எழுதும்போது எனக்குச் சற்றுப் பெருமிதம் உண்டு. இன்று நாடெங்கும் பரவியிருக்கும் மகளிர் சுய உதவிக் குழு முறையில், தமிழ்நாட்டு அரசின் முதல் முயற்சி 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் நபார்டு வங்கியின் திட்டம் அதற்குப் பிறகு 1992இல்தான் வந்தது. மாதம் பத்து ரூபாய் சேமிக்க, அரிசிப் பானைக்குள் சில்லறை போட்டு வைத்த என் பாட்டியை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது என் சின்னம்மா அதே தெருவில் ஒரு குழுவின் ஊக்குநர். பதினைந்து பேர், வாரம் ஒரு கூட்டம், கணக்கை உரக்கப் படித்த பிறகுதான் தேநீர்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் காலை உணவு சமைப்பதும் குழுப் பெண்கள்தாம். 2022 செப்டம்பரில் சோதனையாகத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இது. ஒரு செவ்வாய்க்கிழமை விடியுமுன் சின்னம்மாவோடு போயிருந்தேன். கிச்சடி நாள். சமைக்கும் பெண்களில் ஒருவரின் மகள் அந்தப் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தட்டோடு வரிசையில் நின்றபோது அம்மா அவளுக்கென்று தனியாக எதுவும் அள்ளவில்லை, எல்லாருக்கும் போட்ட அதே கரண்டிதான். தரம் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

குறையும் இருக்கிறது. சுழற்சி முறையில் குழுவின் பிரதிநிதி மாறியபோது, வங்கிக் கிளையில் கையொப்பத்தை மாற்றிப் பதிவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. தீர்மான நகல், ஆதார், புகைப்படம் எல்லாம் கொடுத்த பிறகும் ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஏழு வாரமும் குழுப் பணத்தை எடுக்க வழியில்லாமல், ஓர் உறுப்பினர் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வெளியே வட்டிக்கு வாங்கினார். நானும் இரண்டு முறை போய் நின்றேன். தேவையான தாள்களின் பட்டியலை முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் வேலை. கூலியை விட்டுவிட்டுப் பேருந்து பிடித்து வரும் பெண்களின் நாளுக்கு மதிப்பு உண்டு என்பதை அந்தக் கிளை உணர வேண்டும்.

ஒரு நாள் கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கிக்குப் போனேன். அம்மாவை அங்குள்ள பழங்குடி நல மருத்துவமனையில் காட்டலாம் என்றுதான் புறப்பட்டேன். ஆனால் அங்கே கண்டது பற்றிப் பல நாள் யோசித்தேன். 1990களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் மலையாளி என்னும் தமிழ் பேசும் மலைவாழ் பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டுக்குள் 147 குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன; உள்ளூர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்த பிறகு, அது இருபதை ஒட்டிய எண்ணிக்கைக்கு இறங்கியது. மருத்துவம் மட்டும் போதாது, சோற்றுக்கும் வருமானத்துக்கும் வழி வேண்டும் என்று உணர்ந்ததால், அதே மக்களிடமிருந்து இயற்கை விவசாயிகள் சங்கமும், ‘பொற்கை’ போல் நம் காதில் விழும் ‘போர்காய்’ என்ற கைவினைஞர் சங்கமும் வளர்ந்தன. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள்.

லம்பாடித் தையல் அங்கே கிட்டத்தட்ட மறைந்துபோய், மூத்த பெண்கள் ஓரிருவரின் விரல்களில் மட்டும் எஞ்சியிருந்த நிலையிலிருந்து மீட்கப்பட்டது. பருத்தித் துணியில் சிவப்பும் மஞ்சளும் கருநீலமுமாக ஓடும் அந்தத் தையலை அருகில் வைத்துப் பார்த்தால், இழைகளை எண்ணியே ஊசி இறங்கியிருப்பது தெரிகிறது; துணியைத் திருப்பினால் பின்பக்கத்திலும் தொங்கும் நூல் கிடையாது. ஒரு தலையணை உறை வாங்கினேன். மருத்துவமனை, விவசாயிகள், தையல் பெண்கள் என்று மூன்றும் தனித்தனி அமைப்புகள்தாம். ஆனால் ஒன்றின் தேவையை இன்னொன்று அறிந்திருக்கிறது. அந்த அறிமுகம்தான் பெரும்பாலான ஊர்களில் இல்லாதது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊரிலும் இயந்திரம் வைத்திருக்கும் விவசாயிகள் குழு உண்டு, பணம் சேமிக்கும் மகளிர் குழு உண்டு. இரண்டும் ஒரே தெருவில் இருந்தும், சேர்ந்து ஒரு கூட்டம் போட்டதில்லை.

இந்த எண்ணத்தோடு திரும்பிய அன்று மாலை சின்னம்மாவிடம் ஒரு யோசனை சொன்னேன். எங்கள் மலையடிவாரத்தில் சாமை நன்றாக விளைகிறது; ஆனால் உமி நீக்க வசதியில்லாமல் நெல்லைப்போல அப்படியே வியாபாரியிடம் போகிறது. உரலில் குத்தி அரிசியாக்கும் உடல்வலு இன்று யாருக்கும் இல்லை. உமி நீக்கும் இயந்திரம் ஒன்றை நானே வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன். சின்னம்மா மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீ வாங்கிக் குடுத்தா அது உன்னோட மிசினு. நாங்க தீர்மானம் போட்டு, கடன எடுத்து வாங்குனா அது எங்க மிசினு. ரிப்பேரானா யாரு காசு போடுவாங்கன்னு யோசிச்சுப் பாரு.”

அந்த வாரக் கூட்டத்துக்கு விவசாயிகள் குழுவினரையும் அழைத்தார்கள். இயந்திரத்துக்கு முதல் தேவை மும்முனை மின் இணைப்பும் கொட்டகையும் என்று அவர்கள்தாம் எடுத்துச் சொன்னார்கள். நான் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. உலக வங்கி உதவியுடன் நடந்த வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில், எழுபது விழுக்காட்டைத் தவணை தவறாமல் கட்டினால் மீதி முப்பது விழுக்காடு மானியமாகக் கழிந்துபோகும் கடனைப் பற்றி ஒருவர் விவரமாகக் கூறினார். அதைப் போன்ற கடன் இப்போது கிடைக்குமா என்று ஒன்றிய அலுவலகத்தில் விசாரிக்க இருவரை நியமித்தார்கள். இயந்திரம் கடனில், இடம் விவசாயிகள் குழுவுடையது, வேலை செய்வது மகளிர் குழு என்று இரண்டரை மணி நேரத்தில் முடிவாயிற்று. எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள்: மின் இணைப்புக்கான வைப்புத் தொகை, அதுவும் நன்கொடையாக இல்லை, ஈராண்டில் திருப்பித் தரும் கைமாற்றாக. தீர்மானத்தை நீல மையில் எழுதி உரக்கப் படித்தார்கள். இரு குழுவினரும் வரிசையாகக் கையொப்பம் இட்டபின் புத்தகம் என்னிடம் வந்தது. என் பெயருக்கு எதிரே ‘பார்வையாளர்’ என்று எழுதச் சொன்னார்கள்.

நான் சிங்கப்பூர் திரும்பி நான்கு மாதங்கள் ஆகின்றன. கொட்டகைக்குக் கூரை போட்டாயிற்று, கம்பம் நட்டாயிற்று, கம்பி இழுப்பதற்குத் தேதி கேட்டிருக்கிறார்கள் என்று சின்னம்மா போன வாரம் குரல் பதிவு அனுப்பியிருந்தார். கூடவே புதிய பிரதிநிதியின் கையொப்பம் பதிவாகிவிட்ட வங்கிப் புத்தகத்தின் படமும், ஆடியில் சாமை விதைக்கப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலும் வந்தன. பட்டியலில் முப்பத்தொரு பெயர்கள். அம்மாவின் பெயர் ஒன்பதாவது.