'வென்ட்': 18 வருடம் புழங்கிய பிறகு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் 18 வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர்களைக் கவனித்து பையர்களோடு பேசும் வேலை. வெளிநாட்டு பையர்களுக்கு தினமும் ஆங்கிலத்தில் மெயில் போட வேண்டும். இத்தனை வருடத்தில் என் கை அதிகம் அடித்த வினைச்சொல் 'வென்ட்'தான். துணி டையிங்குக்கு (சாயமேற்ற) போச்சு, சாம்பிள் கூரியர்ல போச்சு, கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போச்சு. எல்லாமே வென்ட்.

தமிழ்வழியில் படித்தவன் நான். முதல் இரண்டு வருடம் கேள்வி கேட்கும்போது மட்டும் விடாமல் தப்பு வரும். "டிட் த கன்டெய்னர் வென்ட்?" என்று எழுதுவேன். ஒருநாள் சீனியர் அக்கா மானிட்டரில் விரலை வைத்து, "தம்பி, டிட் வந்துருச்சல்ல, அப்புறம் வென்ட் எதுக்கு? கோ போடுப்பா" என்றார். திருத்திக்கொண்டேன். ஆனால் 'டிட் நாட் கோ' என்று எழுதும்போது எனக்கு ஒருநாளும் தப்பு வந்ததில்லை. அது ஏன் என்று பிடிபட ரொம்ப நாள் ஆனது.

காரணம் நம் தமிழிலேயே இருக்கிறது. 'போச்சா' என்று கேட்கும்போது இறந்தகாலம் வினையிலேயே இருக்கும், கடைசியில் ஓர் 'ஆ' மட்டும் ஒட்டும். அந்தப் பழக்கம்தான் வென்டை இழுத்து வருகிறது. 'போகலை' அப்படியில்லை. அதிலுள்ள 'போக'வில் காலமே கிடையாது. 'டிட் நாட் கோ'வும் அதே அச்சு. தமிழ் சரியாகத் தெரிந்தவருக்கு வருகிற தப்பு இது. யாரும் இதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை.

'கோ'வுக்கும் 'வென்ட்'டுக்கும் ஏன் உருவ ஒற்றுமையே இல்லை என்றும் தேடிப் படித்தேன். 'செண்ட்' (send) 'சென்ட்' (sent) ஆவதுபோல, வழி பிடித்துச் செல்வதைச் சொல்லும் 'வெண்ட்' (wend) என்ற வினையின் இறந்தகாலமாம் இது. 'கோ'வுக்கு வேறொரு பழைய இறந்தகாலம் இருந்து, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அது வழக்கொழிய, வென்ட் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இது தெரிந்தபின் அந்தச் சொல்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

எனக்கு இன்றும் தடுமாற்றம் 'கான்' (gone), 'பீன்' (been) விஷயத்தில்தான். "மேனேஜர் கரூருக்குப் போயிருக்கார்" என்றால் ஆள் இப்போது அங்கே. "நான் கரூருக்குப் போயிருக்கேன்" என்றால் போய் வந்தாயிற்று. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'போயிரு'. ஆங்கிலத்தில் முதலாவது 'ஹேஸ் கான்', இரண்டாவது 'ஹேவ் பீன்'. எங்கள் கியூசி (தரம் பார்ப்பவர்) டையிங் யூனிட்டில் இருந்தபோது 'ஹேஸ் பீன்' என்று எழுதிவிட்டேன். ஆள் திரும்பிவிட்டதாக நினைத்து, பத்தே நிமிடத்தில் பையர் ரிப்போர்ட் கேட்டுவிட்டார்.

எல்லா 'போச்சு'க்கும் வென்ட் பொருந்தாது. 'காணாமப் போச்சு' அப்படியே 'வென்ட் மிஸ்ஸிங்'. கார்ட்டன் 'கிழிஞ்சு போச்சு', தேதி 'மறந்து போச்சு' என்பதற்கெல்லாம் வென்ட் வராது.

புதிதாகச் சேர்ந்த பெண் நேற்று "டிட் த சாம்பிள் வென்ட்?" என்று எழுதியிருந்தார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதலில் 'போச்சா', 'போகலை' இரண்டையும் தாளில் எழுதிக் காட்டினேன்.