டாபர்மேனுக்கு 24 மணி நேர ஹோல்டர்: காசுக்குத் தகுமா?

தகும். ஹோல்டர் என்பது இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதியும், உடலில் கட்டிவிடும் சிறு ஈசிஜி கருவி. நேற்றுவரை ஓடியாடிய டாபர்மேன் நாய் இன்று சுருண்டு விழுந்து இறந்தால், பெரும்பாலும் காரணம் இதயத் தசை விரிந்து தளரும் டிசிஎம் நோய்தான். இருமலோ மூச்சிரைப்போ வராமலே பல ஆண்டுகள் உள்ளே வளரும். கிளினிக்குகள் விற்கும் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் சிறுநீரகம், ஈரல், ரத்த அணுக்கள் எல்லாம் இருக்கும்; பெரும்பாலும் இதயம் இருக்காது. ஐந்து நிமிட ஈசிஜி சுத்தமாக வந்தாலும் நம்ப முடியாது, தப்புத் துடிப்பு அந்த ஐந்து நிமிடத்தில்தான் வர வேண்டுமென்று கட்டாயமா என்ன?

ஹோல்டரில் மார்பு முடியை மழித்து எலக்ட்ரோடு ஒட்டி, மேலே இறுக்கமான சட்டை போட்டு அனுப்புவார்கள். குளிப்பாட்டக் கூடாது. வழக்கமான நடை, சாப்பாடு, தூக்கம் அப்படியே நடக்கட்டும்; எந்த நேரத்தில் என்ன செய்தது என்று குறித்து வையுங்கள். ஒட்டு கழன்றால் பதிவு வீண், மறுபடி கட்ட வேண்டும்.

24 மணி நேரத்தில் இதயத்தின் கீழறையிலிருந்து கிளம்பும் தப்புத் துடிப்பு 300-ஐத் தாண்டினால் டிசிஎம் என்றே கொள்கிறார்கள். 50-க்கு மேல் என்றாலே சில மாதங்களில் திரும்பப் பார்க்க வேண்டும். பதிவை மனிதர்களுக்கான மென்பொருளில் ஓட்டினால், அது நாயின் இயல்பான ஒழுங்கற்ற துடிப்பையும் தப்பாக எண்ணிவிடும். அறிக்கையைக் கால்நடை இதய மருத்துவர் படிக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

கூடவே எக்கோவும் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுங்கள். மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை. அறிகுறிக்கு முன்பே பிடித்தால் பிமோபென்டான் மாத்திரை நாட்களைக் கூட்டுகிறது.